எட்ட இருந்தே ஏவலாம்!

இரவு ஒரு மணி. கிணற்றடிக்கு மும்முனை மின்சாரம் வந்துவிட்டது. முன்பெல்லாம் கையில் டார்ச் விளக்குடன் வரப்பின் மேல் நடந்து, பாம்புக்கும் பள்ளத்துக்கும் தப்பி, கொட்டகைக்குப் போய்த்தான் மோட்டாரைப் போட வேண்டும். இப்போது பல உழவர்கள் திண்ணையில் படுத்தபடியே செல்போனை எடுத்து ஒரு பொத்தானைத் தொடுகிறார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் மோட்டார் ஓடத் தொடங்குகிறது.

மாணவ நண்பர்களே! இது வியப்புதான். ஆனால் சற்று நின்று யோசியுங்கள். மோட்டார் உண்மையாகவே ஓடியதா? திண்ணையில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அதே மோட்டாரை வேறொருவர் தம் செல்போனிலிருந்து நிறுத்திவிட்டால்?

மோட்டாருக்கு அருகில் நின்று பொத்தானை அழுத்துபவருக்கு இந்தக் கவலைகள் இல்லை. கண் பார்க்கிறது, காது கேட்கிறது. தொலைவிலிருந்து ஏவும்போது கண்ணும் இல்லை, காதும் இல்லை. ஆகவே ஐந்து கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருக்கிறது. நீ எங்கே இருக்கிறாய்? விழித்திருக்கிறாயா? எந்த வாசலில் கேட்பது? சொன்னதைச் செய்தாயா? உன்னை ஏவ எனக்கு உரிமை உண்டா? செல்போனில் கிடைக்கும் சர்வர் செயலிகள், வலையமைப்பைச் சோதிக்கும் செயலிகள், தொலைவிலிருந்து கருவிகளை இயக்கும் செயலிகள் ஆகிய எல்லாம் இந்த ஐந்து கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்கு விடை தருபவையே. இரண்டு செல்போன்களை வைத்துக்கொண்டு இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சர்வர் என்பவர் யார்?

ஓட்டலில் இலைக்கு முன் உட்கார்ந்ததும் “என்ன வேண்டும்?” என்று வந்து நிற்பவரைச் சர்வர் என்கிறோம். நாம் கேட்டால்தான் அவர் கொண்டு வருவார். கேட்காதவரை காத்து நிற்பார். கணிப்பொறி உலகிலும் சர்வர் என்பது இதுவே. கேட்பவருக்காகக் காத்திருந்து, கேட்டதைக் கொடுக்கும் ஒரு நிரல். அது பெரிய குளிர்பதன அறையில் உள்ள கணிப்பொறியில்தான் ஓட வேண்டும் என்பதில்லை. ஆண்ட்ராய்டு செல்போன்களின் அடியில் இயங்குவது லினக்ஸ் என்னும் கருநிரல். உலகின் மிகப் பல சர்வர்களிலும் அதுவேதான் இயங்குகிறது. எனவே உங்கள் வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய செல்போனும் ஒரு சர்வர் ஆகலாம்.

முதல் செல்போனில் “ஹாட்ஸ்பாட்” வசதியை இயக்குங்கள். இரண்டாவது செல்போனை அதனுடன் இணையுங்கள். வீட்டில் வை-பை இருந்தால் இரண்டையும் அதில் இணைத்தாலும் சரி. செயலிக் கடையிலிருந்து ஓர் இணையதள சர்வர் செயலியை, பெரியவர்களின் அனுமதியுடன், முதல் செல்போனில் நிறுவுங்கள். ஒரு புதிய கோப்புறையை உண்டாக்கி, அதில் “வணக்கம்” என்று எழுதிய ஒரே ஒரு கோப்பை மட்டும் வையுங்கள். குடும்பப் படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்துவிடாதீர்கள். செயலியை இயக்கியதும் திரையில் 192.168.1.7:8080 என்பது போல ஒரு வரி தோன்றும். அதை அப்படியே இரண்டாவது செல்போனின் உலாவியில் தட்டுங்கள். “வணக்கம்” வந்துவிடும். நீங்கள் ஒரு சர்வரை நடத்தத் தொடங்கிவிட்டீர்கள்!

எங்கே இருக்கிறாய்?

திரையில் கண்ட வரியின் முதற்பகுதி ஐ.பி. முகவரி ஆகும். இந்த வகை முகவரி 32 பிட்டுகளால் ஆனது. இரண்டை 32 முறை பெருக்கிப் பார்த்தால் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு என்பது தெரியும். உலக மக்கள்தொகைக்கே இது போதாது. 2011 பிப்ரவரியில், உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. அப்படியானால் இன்று இத்தனை கோடிச் செல்போன்கள் எப்படி இயங்குகின்றன?

ஒரு மாணவர் விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். தபால்காரருக்குத் தெரிந்தது விடுதியின் ஒரே முகவரிதான். உள்ளே அறை எண்கள் 1, 2, 3 என்று உண்டு. பக்கத்து ஊர் விடுதியிலும் இதே எண்கள் உண்டு. குழப்பம் வருவதில்லை. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் இத்தகைய அறை எண்கள். உங்கள் வீட்டிலும் எதிர்வீட்டிலும் ஒரே எண் இருக்கலாம். வீட்டு ரூட்டர்தான் விடுதிக் காப்பாளர். உள்ளிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் வெளி முகவரியை எழுதி அனுப்பி, “இதை அனுப்பியவர் ஏழாம் அறைக்காரர்” என்று ஏட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்தால் ஏட்டைப் பார்த்துச் சேர்ப்பார்.

வெளியிலிருந்து எதிர்பாராத கடிதம் வந்தால்? ஏட்டில் குறிப்பு இல்லை. யாருக்கு என்று தெரியாது. தள்ளிவிடுவார். இரண்டாவது செல்போனின் வை-பையை நிறுத்திவிட்டு, அதன் சிம் வழியாக அதே 192.168.1.7 முகவரியைத் தட்டிப் பாருங்கள். “வணக்கம்” வராது. அறை எண்ணை மட்டும் எழுதித் தபாலில் போட்டால் கடிதம் எங்கே போகும்?

புதிய வகை ஐ.பி. முகவரி 128 பிட்டுகள் கொண்டது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரியே கொடுக்கலாம். ஆயினும் பாதுகாப்புக் கருதி, அழையாமல் உள்ளே வரும் செய்திகளை ரூட்டர்கள் பெரும்பாலும் தடுத்தே விடுகின்றன.

விழித்திருக்கிறாயா?

கிணற்றில் கல்லைப் போட்டு, ஓசை வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிப்போம் அல்லவா? வலையமைப்பிலும் அப்படி ஒரு கருவி உண்டு. அதன் பெயர் “பிங்”. 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் எறியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் இதை எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவி எழுப்பும் ஓசையே இதற்குப் பெயராயிற்று. “இருக்கிறாயா?” என்று ஒரு சிறு செய்திப் பொட்டலம் போகும். “இருக்கிறேன்” என்று அது திரும்பி வரும். போய்வந்த நேரம் மில்லிவினாடியில் திரையில் தோன்றும்.

இந்த எண்ணுக்குள் பௌதிகம் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் கடலடியில் இட்ட கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்வர 6,400 கிலோமீட்டர். 6,400ஐ 2 லட்சத்தால் வகுத்தால் 0.032 வினாடி, அதாவது 32 மில்லிவினாடி. எவ்வளவு விலை உயர்ந்த செல்போன் வாங்கினாலும் இந்தக் கேபிள் வழியே இதைவிட விரைவாகப் பதில் வராது. உங்கள் பிங் 10 மில்லிவினாடி காட்டினால், இழை வழியே பதில் சொன்ன கணிப்பொறி 1,000 கிலோமீட்டருக்குள்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் இருந்தபடியே சொல்லிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை: பதில் வராவிட்டால் கருவி இறந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சில கருவிகள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடியே அமைக்கப்பட்டிருக்கும். வீட்டில் ஆள் இருந்தும் கதவைத் திறக்காதது போல.

உறங்குவது இன்னொரு காரணம். சர்வர் ஓடும் செல்போனின் திரையை அணைத்து அரைமணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பாருங்கள். பல செல்போன்களில் “வணக்கம்” நின்றுபோயிருக்கும். சர்வர் என்பது எப்போதும் விழித்திருக்க வேண்டியது. செல்போனோ பாட்டரியைச் சேமிக்க உறங்கப் பழக்கப்பட்டது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டின் ஆறாம் பதிப்பிலிருந்து, பயன்படுத்தாத செல்போனை ஆழ்ந்து உறங்க வைக்கும் ஏற்பாடும் சேர்ந்துவிட்டது. செல்போன் ஒரு நல்ல ஏவலாளராகவும், சுமாரான சர்வராகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

உறங்கும் கணிப்பொறியைச் செல்போனிலிருந்து எழுப்பும் செயலிகளும் உண்டு. கணிப்பொறி உறங்கும்போதும் அதன் வலையமைப்பு அட்டைக்கு மட்டும் சிறிது மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அந்த அட்டைக்குத் தொழிற்சாலையிலேயே 6 பைட் நீளமுள்ள ஓர் எண் சூட்டப்பட்டிருக்கிறது. எழுப்பும் செய்தியில் முதலில் எல்லாப் பிட்டுகளும் 1 ஆன 6 பைட்டுகள் வரும். பின்பு அட்டையின் எண் தொடர்ந்து 16 முறை வரும். ஆக 6 + 16 × 6 = 102 பைட்டுகள். கும்பகர்ணனை எழுப்புவது போலப் பெயரைப் பதினாறு முறை கூவி அழைப்பதுதான்! தற்செயலாக வேறு எந்தச் செய்தியும் இப்படி அமைந்து, கணிப்பொறியை வீணாக எழுப்பிவிடக் கூடாது என்பதற்கே இத்தனை முறை.

எந்த வாசலில் கேட்பது?

திரையில் கண்ட வரியின் கடைசியில் 8080 என்று இருந்ததே, அது என்ன? அதற்குப் போர்ட் எண் என்று பெயர். ரயில் நிலையம் ஒன்றுதான். ஆனால் டிக்கெட் எடுக்க ஒரு கவுண்டர், முன்பதிவுக்கு ஒரு கவுண்டர், பார்சலுக்கு ஒரு கவுண்டர் உண்டு. அதுபோல ஒரே முகவரியில் 0 முதல் 65,535 வரை கவுண்டர்கள் இருக்கலாம். இணையப் பக்கங்களுக்கு 80, பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, தொலைவிலிருந்து கணிப்பொறியை ஆள்வதற்கு 22 என்பது வழக்கம். ஆண்ட்ராய்டில் சாதாரணச் செயலிகளுக்கு 1,024க்குக் கீழான எண்களைத் திறக்க அனுமதி இல்லை. அதனால்தான் உங்கள் சர்வர் 80க்குப் பதில் 8080 என்ற வாசலில் உட்கார்ந்திருக்கிறது. எந்தெந்த வாசல் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் செயலிக்குப் போர்ட் ஸ்கானர் என்று பெயர். உங்கள் சர்வரை இயக்கியும் நிறுத்தியும் அதைக் கொண்டு சோதித்துப் பாருங்கள். 8080 திறப்பதும் மூடுவதும் தெரியும்.

சொன்னதைச் செய்தாயா?

வெளியிலிருந்து வரும் கடிதத்தைக் காப்பாளர் தள்ளிவிடுவார் என்றோம். அப்படியானால் வெளியூரிலிருந்து நம் வீட்டு விளக்கை எப்படி ஏற்றுகிறோம்? இதற்கு ஓர் எளிய வழி: விளக்கே முதலில் வெளியே பேசத் தொடங்குகிறது! வீட்டிலுள்ள கருவி, இணையத்தில் உள்ள ஒரு பொதுச் சர்வருடன் தானே தொடர்பு கொண்டு, அந்தத் தொடர்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் செல்போனும் அதே சர்வரிடம் போய்ச் சொல்லும். நடுவில் நிற்கும் அந்தத் தரகர் செய்தியைக் கைமாற்றிவிடுவார். இதனால் ஒரு வேடிக்கை நிகழ்வதுண்டு. பக்கத்து அறை விளக்கை அணைக்க நீங்கள் இட்ட கட்டளை, நாட்டுக்கு வெளியே உள்ள சர்வர் வரை போய்த் திரும்பி வரலாம். இணையம் நின்றால் அந்த விளக்கு உங்கள் செல்போனின் பேச்சைக் கேட்காது.

இத்தகைய தரகு முறைகளில் புகழ்பெற்றது எம்.க்யூ.டி.டி. என்பது. 1999இல் ஆண்டி ஸ்டான்போர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் இதை உருவாக்கினர். ஆளரவமற்ற வெளிகளில் நீண்டு செல்லும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதே அவர்களின் தேவை. செயற்கைக்கோள் இணைப்புக்குச் செலவு அதிகம். எனவே செய்தியின் தலைப்புப் பகுதி 2 பைட் அளவுக்குச் சுருங்கும்படி அமைத்தனர். ஒரு கருவி திடீரென்று தொடர்பு அறுந்து போனால் என்ன சொல்ல வேண்டும் என்பதை அது முன்கூட்டியே தரகரிடம் எழுதிக் கொடுத்துவிடலாம். அதற்கு “உயில்” என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்!

இனி நம் உழவரிடம் திரும்புவோம். “மோட்டார் ஓடட்டும்” என்று கட்டளை அனுப்பினார். பதில் வரவில்லை. என்ன நடந்திருக்கும்? கட்டளை வழியிலேயே தொலைந்திருக்கலாம். அல்லது கட்டளை சேர்ந்து, மோட்டார் ஓடி, “ஓடுகிறது” என்ற பதில் வழியில் தொலைந்திருக்கலாம். திண்ணையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எத்தனை நல்ல செயலி எழுதினாலும் இந்த இருட்டு முழுதும் விலகாது.

அவர் செய்யக்கூடியது மீண்டும் அனுப்புவதுதான். இங்கேதான் கட்டளையின் சொல் முக்கியமாகிறது. கட்டளை “நிலையை மாற்று” என்று இருந்தால், முதல் கட்டளையில் ஓடிய மோட்டார் இரண்டாவதில் நின்றுவிடும். விடியும் வரை பயிருக்குத் தண்ணீர் இல்லை. கட்டளை “ஓடு” என்று இருந்தால், பத்து முறை சொன்னாலும் கெடுதல் இல்லை. ஓடும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தொலைவிலிருந்து ஏவும் கருவியைச் செய்பவர்கள் மறக்கக் கூடாத பாடம் இது: திரும்பச் சொன்னாலும் தீங்கு வராத கட்டளையையே அமைக்க வேண்டும்.

“ஓடுகிறது” என்ற பதிலும் எதைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று கேட்க வேண்டும். சுவிட்சு மூடியது என்பது வேறு, மோட்டாரில் மின்னோட்டம் பாய்கிறது என்பது வேறு, குழாயில் தண்ணீர் வருகிறது என்பது வேறு. மூன்று முனைகளில் ஒன்று இல்லாமல் மோட்டார் ஓடினால் சுருள் கருகிவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் பம்பு கெடும். எனவே நல்ல பெட்டிகள் மின்னோட்டத்தை அளந்து, தவறு கண்டால் யாரையும் கேட்காமல் தாமே மோட்டாரை நிறுத்திவிடுகின்றன. ஆபத்து வரும் நேரத்தில் தொலைவிலிருக்கும் செல்போனின் கட்டளைக்காகக் காத்திருக்க முடியுமா?

உனக்கு உரிமை உண்டா?

1969இல் தோன்றிய டெல்நெட் என்ற முறையில்தான் தொலைவிலுள்ள கணிப்பொறிகளை நெடுங்காலம் ஆண்டுவந்தனர். அதில் கடவுச்சொல் அஞ்சலட்டையில் எழுதியது போல வெளிப்படையாகவே போகும். வழியில் இருப்பவர் படித்துவிடலாம். பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் இப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதைக் கண்ட அங்குள்ள ஆய்வாளர் டாட்டு யுலோனன், 1995இல் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை உருவாக்கினார். இதில் பேச்சு முழுவதும் சங்கேத எழுத்தில் போகும். அதோடு, கடவுச்சொல்லே இல்லாமல் செய்யவும் வழியுண்டு. பூட்டைத் தொலைவிலுள்ள சர்வரில் பூட்டிவிட்டு, சாவியை நம் செல்போனிலேயே வைத்துக்கொள்ளலாம். சர்வர் ஒரு புதிர் போடும். சாவி உள்ளவரால் மட்டுமே விடை சொல்ல முடியும். விடைதான் பயணம் செய்கிறதே ஒழிய, சாவி செல்போனை விட்டு வெளியே போவதில்லை. இன்று செல்போனிலிருந்து சர்வர்களை ஆளும் செயலிகளில் இதுவே முதன்மையானது.

இத்தனை நல்ல பூட்டு இருந்தும் 2016இல் என்ன நடந்தது தெரியுமா? மிராய் என்ற தீய நிரல் இணையம் முழுவதும் திரிந்து, டெல்நெட் வாசல் திறந்திருந்த காமிராக்களையும் ஒளிப்பதிவுப் பெட்டிகளையும் ரூட்டர்களையும் தட்டிப் பார்த்தது. அதன் கையில் இருந்தது தொழிற்சாலைகள் வைத்து அனுப்பும் அறுபதுக்கும் சற்று மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் ஜோடிகளே. வாங்கியவர்கள் அவற்றை மாற்றவில்லை. லட்சக்கணக்கான கருவிகள் அதற்கு அடிமையாயின. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இத்தகைய கருவிகளின் பட்டாளம் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்களை ஒரே நேரத்தில் மொய்த்தது. இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தருவதே அந்த நிறுவனத்தின் வேலை. எனவே டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களைக்கூடப் பலரால் பல மணி நேரம் அடைய முடியவில்லை. மிராயை எழுதிய அமெரிக்க இளைஞர் மூவர் 2017இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரலிலிருந்து சட்டத்தால் தடுத்துவிட்டது.

கவனியுங்கள்: அந்தக் காமிராக்களை யாரும் உடைக்கவில்லை. அவை கெட்டுப்போகவும் இல்லை. சொன்னதைச் சரியாகவே செய்தன. சொன்னவர்தான் உரிமையுள்ளவர் அல்லர். ஏவினால் கேட்கும் கருவி, யார் ஏவினாலும் கேட்கும். தடுப்பது சாவி ஒன்றுதான்.

செய்து பாருங்கள், ஆனால்...

இந்தச் சோதனைகளை உங்கள் சொந்தக் கருவிகளில், உங்கள் வீட்டு வலையமைப்பில் மட்டும் செய்யுங்கள். பள்ளியின் கணிப்பொறியையோ அண்டை வீட்டு ரூட்டரையோ தட்டிப் பார்ப்பது, திறந்திருக்கிறதா என்று பிறர் வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். அனுமதியின்றிப் பிறர் கணிப்பொறிக்குள் நுழைவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி நடவடிக்கைக்கு உரியது. சோதனை முடிந்ததும் சர்வர் செயலியை நிறுத்திவிடுங்கள். பழைய செல்போனை இரவும் பகலும் சார்ஜில் போட்டு வைக்காதீர்கள், பாட்டரி உப்பிவிடக்கூடும். இன்றே செய்யத்தக்க ஒன்றும் உண்டு. உங்கள் வீட்டு ரூட்டரிலும் காமிராவிலும் விற்பனையாளர் வைத்த கடவுச்சொல்லே இன்னும் இருக்கிறதா என்று பெரியவர்களுடன் சேர்ந்து பாருங்கள். இருந்தால் உடனே மாற்றுங்கள்.

சிந்தித்து விடை கூறுங்கள்:

1. நிலநடுக்கோட்டுக்கு மேல் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள் வழியாகப் பிங் அனுப்பினால், பதில் வரக் குறைந்தது எத்தனை மில்லிவினாடி ஆகும்? (கேள்வியும் மேலே ஏறி இறங்க வேண்டும், பதிலும் மேலே ஏறி இறங்க வேண்டும். ஒளியின் வேகம் வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் எனக் கொள்க.)

2. “தொட்டியில் 500 லிட்டர் நிரப்பு” என்பது திரும்பச் சொன்னாலும் தீங்கு வராத கட்டளையா? இல்லையெனில் அதை எப்படி மாற்றிச் சொல்வீர்கள்?

3. பம்பு செட்டுப் பெட்டி எழுதி வைக்கும் “உயில்” என்னவாக இருக்க வேண்டும்? திண்ணையில் படுத்திருக்கும் உழவர் அதைப் படித்ததும் என்ன செய்ய வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு விடை எழுதும்போது, அவர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்க வேண்டிய இரவுகளும் உண்டு என்பதை மறவாதீர்கள்.